உள்ளதும் உரியதும்

அந்த அரசுப் பள்ளியில் அவளுக்குப் பெயர் ‘கடைசித் தேதி’. பார்ப்பது எழுத்தர் வேலை. இருபத்து நான்கு வருடமாக அதே அலுவலக அறை, அதே சன்னலோர நாற்காலி. அந்த நாற்காலியின் மெத்தை மட்டும் வாங்கிய நாள்போலவே உப்பிக் கிடக்கிறது. உட்கார்ந்தால்தானே அமுங்குவதற்கு? தட்டச்சு செய்யும்போதுகூட ஒரு முழங்காலை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு மறு காலில் நிற்பாள், யாரோ எங்கிருந்தோ கூப்பிட்டுவிடுவார்கள் என்பதுபோல.

ஆசிரியர்கள் ஓய்வறையில் தேநீரை வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்துக்குச் சரியாக வாசலில் வந்து நிற்பாள்.

“அறிவியல் கூடத்துக்கு யாரோ நிதி தர்றாங்களாம். கடைசித் தேதி என்னிக்குன்னு தெரியுமா?”

“என்னிக்கு?”

“நாளைக்கு.”

“வந்துட்டாங்கப்பா கடைசித் தேதி” என்று கணக்கு வாத்தியார் கோப்பையைக் கீழே வைப்பார். “ஏம்மா, நீங்க ஒருநாளாவது முதல் தேதியோட வாங்களேன்.”

பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. வருத்தப்பட நேரமும் இல்லை.

அரசாங்கம் சம்பளம் தரும், பாடப்புத்தகம் தரும், நினைவு வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துத் தரும். அதற்குமேல் எது வேண்டுமென்றாலும் யாரிடமாவது கேட்க வேண்டும். கழிப்பறைக் கதவு, நூலக அலமாரி, காது சரியாகக் கேட்காத ஒரு பிள்ளைக்குக் கருவி. தருவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்: அறக்கட்டளைகள், பெரிய தொழிற்சாலைகள், பெயர் நீளமான அரசுத் துறைகள். ஆனால் கேட்பதை அவர்கள் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். அதற்குத்தான் படிவம்.

படிவத்தில் ஒரே பள்ளி பரிதாபமாகவும் இருக்க வேண்டும், கெட்டிக்காரத்தனமாகவும் இருக்க வேண்டும். ரொம்பப் பரிதாபமாக எழுதினால் இவர்கள் கையில் கொடுத்தால் வீண் என்பார்கள். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக எழுதினால் இவர்களுக்கு எதற்கு என்பார்கள். நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது. அதன்மேல் நடக்க அவள் பழகியிருந்தாள். அவளுடைய கணினியில் ‘சிரித்த படம்’, ‘சிரிக்காத படம்’ என்று இரண்டு கோப்புறைகள் உண்டு. இரண்டிலும் அதே பிள்ளைகள்தான். எந்த அறக்கட்டளைக்கு எது பிடிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இரண்டு தடவை எழுதுவாள். முதல் கோப்புக்கு ‘உள்ளது’ என்று பெயர் வைப்பாள். அது யாருக்கும் அனுப்புவதற்கில்லை. அதை எழுதி முடித்தால்தான் கை அடங்கும். பிறகுதான் ‘உரியது’. அதுதான் போகும்.

கழிப்பறைக் கதவு கேட்டபோது ‘உள்ளது’ இப்படி இருந்தது: கதவு இல்லை, அதனால் பெண்பிள்ளைகள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. ‘உரியது’ இப்படிப் போனது: சுகாதார உட்கட்டமைப்பில் உள்ள இடைவெளி மாணவியரின் கற்றல் நேரத்தைப் பாதிக்கிறது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டாவதை வாசிக்கிறவருக்குத் தாகம் எடுக்காது. கதவு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த முறை கேட்டது மாலை அறைக்கு.

பள்ளி மூன்றரைக்கு விடும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அங்கே சங்கு ஊதுவது ஆறரைக்கு. நடுவில் மூன்று மணி நேரம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் அறக்கட்டளை தந்த நிதியில், பழைய அறிவியல் சாமான் அறையை ஒழித்து, பிள்ளைகள் இருப்பதற்கு ஓர் இடமாக்கினார்கள். நான்கு நீளப் பெஞ்சு, ஒரு கோரைப் பாய், சமுத்திரத்தில் ஒட்டுப்போட்ட ஓர் உலக உருண்டை, ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ என்று சொல்லும் மின்விசிறி. பார்த்துக்கொள்ள ஒரு ‘மாலை டீச்சர்’. எந்நேரமும் கம்பளி நூலும் ஊசியுமாக எதையோ பின்னிக்கொண்டிருப்பாள். அது என்னவென்று கேட்டால், “முடிஞ்சா தெரியும்” என்பாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். நிதி இந்தப் பருவத்தோடு முடிகிறது. மறுபடி கிடைக்கவில்லை என்றால் மூன்றரைக்கு வாயிற்கதவைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

பூட்டின வாயிற்கதவு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரை அப்படி ஒரு கதவின் வெளிப்பக்கம் நின்றவள் அவள். அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் வேலை. பேருந்து தெருமுனையில் திரும்பும். உட்கார்ந்தால் தெரியாது, நின்றால்தான் தெரியும். அதனால் நின்றாள். ஒவ்வொரு பேருந்தையும் அம்மாவாகப் பார்த்து, அது அம்மா இல்லை என்றானதும் அடுத்ததைப் பார்த்தாள். அம்மா ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. ஆனாலும் நின்றது நின்றதுதான்.

விண்ணப்பத்தின் ஒன்பதாவது கேள்வி: மாலை மூன்றரை முதல் ஆறரை வரை மாணவர்கள் ஈடுபடும் செயல்பாடுகளை அரைமணி வாரியாகக் குறிப்பிடுக.

கேட்டுக்கொண்டு வரலாம் என்று மாலை அறைக்குப் போனாள்.

“இங்க வந்து என்ன பண்றீங்க?”

“சும்மா இருப்போம்க்கா.”

“சும்மான்னா? படிப்பீங்க, படம் வரைவீங்க…”

“சில நாள். மத்தபடி சும்மாதான்.”

பெஞ்சுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த இரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள். மின்விசிறியின் ‘டிக்’கை எண்ணிக்கொண்டிருந்த, ஒற்றைச்சடை என்று எல்லாரும் கூப்பிடுகிற பத்து வயதுப் பெண் எண்ணிக்கை விட்டுப்போன கோபத்தில் திரும்பினாள்.

“வீட்ல சும்மா இருந்தா திட்டுவாங்க. கிளாஸ்ல சும்மா இருந்தா எழுப்பிக் கேள்வி கேப்பாங்க. இங்கதான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இப்ப நீங்க கேக்கறீங்க.”

மாலை டீச்சர் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள்.

‘உள்ளது’ கோப்பில் ஒன்பதாவது கேள்விக்கு அவள் எழுதியது இரண்டு வரி: ‘மூன்றரை முதல் ஆறரை வரை பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். அதற்கு அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.’ ‘உரியது’ கோப்பில் வாசிப்பு, சதுரங்கம், கைவினை, ஆளுமை வளர்ச்சி என்று ஆறு அரைமணிகளும் நிறைந்தன. சதுரங்கப் பலகை ஒன்று உண்டு. அதில் ஒரு குதிரைக்குப் பதில் அழிப்பான் நிற்கிறது என்பதை எழுதவில்லை.

கடைசித் தேதியன்று மாலை நாலரைக்கு இணையதளத்தில் ஏற்ற உட்கார்ந்தாள், அதாவது முழங்காலை ஊன்றினாள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். தளம் நத்தையாக ஊர்ந்தது. கோப்புகளின் பட்டியல் திறந்தபோது கட்டத்தின் அகலம் போதாமல் பெயர்களின் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. ஓர் ‘உ’, மூன்று புள்ளி. இன்னோர் ‘உ’, மூன்று புள்ளி. வழக்கமாக இரண்டாவதுதான் ‘உரியது’. அதை அழுத்தினாள். ரசீது எண் வந்தது.

அன்றைக்கு மதியம் ‘உள்ளது’ கோப்பில் ஒரு பிழையைத் திருத்திச் சேமித்திருந்தாள். கடைசியாகச் சேமித்தது கீழே போய்விட, வரிசை மாறியிருந்தது. மறுநாள் காலை அலுவலகப் பிரதிக்காக அனுப்பியதைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. திரையில் முதலில் கண்ணில் பட்ட சொல் ‘சும்மா’.

தளத்தில் மாற்ற வழியில்லை. தொலைபேசி எண்ணை அழுத்தினால் ஒரு குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று சொல்லிவிட்டு இசையைப் போட்டது. அந்த இசையை அவள் பதினேழு நிமிடம் கேட்டாள், நடந்துகொண்டே.

தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கலாம். பெரிய டீச்சர் என்று எல்லாரும் சொல்லும் அந்த அம்மா கெட்டவர் இல்லை. “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தருவார். சொல்ல முடியாமல் போனதற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம். நம்பாதவரிடம் தப்பைச் சொல்வது சுலபம்.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் மின்தூக்கி பழுதுபார்க்கிறவன். எது நின்றுபோனாலும் பதறாத ஆள்.

“தப்பா என்ன எழுதிட்ட? பொய்யா?”

“பொய்யில்ல. உண்மை.”

“உண்மையை எழுதிட்டுத்தான் நாலு நாளா வீட்டை அளந்துட்டிருக்கியா?”

“உங்களுக்கு என்ன, சிரிப்பீங்க. முப்பத்தெட்டுப் பிள்ளைங்க.”

“சிரிக்கல. பிள்ளைங்க சும்மா இருக்காங்கன்னு எழுதினவ, அவளே ஒருநாள் சும்மா இருந்தா நான் லீவு போட்டு உக்காந்து வேடிக்கை பாப்பேன். அதான் யோசிச்சேன்.”

அவள் ஏற்கெனவே துடைத்த மேசையை இன்னொரு தடவை துடைத்தாள்.

நான்காவது வாரம் கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் காணப்படும் சில கூற்றுகளை நேரில் சரிபார்க்க ஆய்வாளர் வருகிறார். சில கூற்றுகள். எந்தக் கூற்றுகள் என்று அவளுக்குத் தெரியும். பெரிய டீச்சருக்குத் தெரியாது. அவருக்கு ஒரே உற்சாகம். நேரில் வந்தாலே பாதி கிடைத்த மாதிரி என்று, ஒரே நாளில் மாலை அறைச் சுவரில் கால அட்டவணை ஏறிவிட்டது. சதுரங்கப் பலகைகள் கடனாக வந்தன. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார ஒத்திகை பார்த்தார்கள். கடைசித் தேதி மூன்று தடவை பெரிய டீச்சரின் அறை வாசல் வரை போனாள். ஒரு தடவை அவர் தொலைபேசியில் இருந்தார். ஒரு தடவை யாரோ பெற்றோர் இருந்தார்கள். மூன்றாவது தடவை அவர் தனியாகத்தான் இருந்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல டீச்சர். பேனா விட்டுட்டுப் போனேன்னு நெனச்சேன்.”

பேனா காதில் செருகியிருந்தது.

ஆய்வாளர் நாலு மணிக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். தேய்ந்த செருப்பு, தோளில் கனமான பை, கையில் ஒரு கைக்கணினி. அன்றைக்கு அது மூன்றாவது பள்ளி என்று முகத்தில் எழுதியிருந்தது. பெரிய டீச்சர் கண்ணைக் காட்ட, பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் புத்தகத்தைத் திறந்தார்கள். அத்தனை ஒழுங்காக ஒரு வகுப்பறையில்கூடப் புத்தகம் திறந்ததில்லை.

ஆய்வாளர் சுவர் அட்டவணையைப் பார்த்தார். கையிலிருந்த அச்சுப் பிரதியைப் பார்த்தார்.

“வாசிப்பு, சதுரங்கம்… இதுல அப்படி இல்லையே.”

“எல்லாம் இருக்குமே” என்றார் பெரிய டீச்சர். “எங்க பிள்ளைங்க ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாங்க.”

“சும்மா இருக்காங்கன்னுதானே எழுதியிருக்கீங்க.”

மின்விசிறி மூன்று தடவை ‘டிக்’ என்றது.

“என் தப்பு” என்றாள் கடைசித் தேதி. “ரெண்டு கோப்பு இருந்தது. தப்பானதை ஏத்திட்டேன். பெரிய டீச்சருக்குத் தெரியாது. நான் சொல்லல.”

பெரிய டீச்சர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“தப்பானதுன்னா, இதுல இருக்கறது பொய்யா?” ஆய்வாளர் கேட்டார்.

“இல்ல. அதுதான் நடக்கறது.”

“அப்ப சுவர்ல இருக்கறது?”

“அது… நீங்க கேக்கறதுக்கு உரியது.”

ஆய்வாளர் பையை இறக்கி வைத்தார். “அந்த இன்னொரு கோப்பு கையில இருக்கா? இருந்தா கொடுங்க. நேர்ல வர்றப்ப திருத்தம் வாங்கிக்க எனக்கு அனுமதி உண்டு. அதோட இது முடிஞ்சது.”

“கொடுத்துடும்மா” என்றார் பெரிய டீச்சர். குரலில் உயிர் திரும்பியிருந்தது.

அச்செடுத்த பிரதி அவள் கையில்தான் இருந்தது. காலையிலிருந்து அதைச் சுருட்டிச் சுருட்டி ஓரம் கறுத்துவிட்டது. நீட்டினால் போதும். கையும் நீண்டது.

“அப்ப இனிமே தினமும் செஸ் ஆடணுமா?” என்று கேட்டாள் ஒற்றைச்சடை, புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடியே.

நீண்ட கை பாதியில் நின்றது. நிதி தருகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கேட்பார்கள். எழுதிக் கொடுத்த ஆறு அரைமணிகளையும் நிஜமாக்கிக் காட்ட வேண்டிவரும். அறை இருக்கும், விளக்கு எரியும், மாலை டீச்சர் மணியடிப்பாள். மூன்றரைக்கு விட்ட பள்ளி மூன்று முப்பத்தைந்துக்கு மறுபடி தொடங்கும். இத்தனை வருடப் படிவங்களில் இதை ஏன் ஒருமுறையும் யோசிக்கவில்லை என்று அவளுக்கே புரியவில்லை. கதவு கேட்டால் கதவு வந்தது. கதவு, எழுதினபடி மாறிவிடாது. பிள்ளைகள் மாறிவிடுவார்கள்.

“தர்றேன்” என்றாள். “அரை மணி நேரம் இங்க உக்காருங்க. பாத்துட்டு, அப்பவும் வேணும்னா தர்றேன்.”

“உக்காந்து?”

“சும்மா.”

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்ததா, கால் வலித்ததா தெரியாது, உட்கார்ந்துவிட்டார். பெரிய டீச்சர் பெருமூச்சு விட்டு, தாமே எழுந்து சுவர் அட்டவணையைக் கழற்றினார். புத்தகங்கள் ஒவ்வொன்றாக மூடின. முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவன் பெஞ்சுக்கு அடியில் சரிந்தான். இரண்டு பேர் உலக உருண்டையைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடி விரலை வைத்து, விரல் விழுந்த நாட்டில் தாங்கள் என்ன வேலை பார்ப்போம் என்று சண்டை போட்டார்கள். ஒரு பெண் சன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு, அது மறைவதைப் பார்த்து, மறுபடி மூச்சு விட்டாள். ஒருவன் தூங்கிப்போனான். மாலை டீச்சரின் ஊசி ஓடியது.

இருபது நிமிடம் கழித்து ஆய்வாளர் கைக்கணினியை எடுத்தார்.

“செயல்பாடுங்கற கட்டத்துல ஏதாவது போடணும். காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது. சும்மான்னு போட்டா மேல இருக்கறவங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க.”

“ஓய்வுன்னு போடுங்க” என்றார் பெரிய டீச்சர்.

“ஓய்வுக்கு நிதி கிடையாதும்மா. விளையாட்டு?”

“விளையாட்டுன்னா பந்து எத்தனை, வலை எத்தனைன்னு கேப்பாங்க” என்றாள் கடைசித் தேதி.

“சரி, காத்திருப்பு. அம்மா அப்பா வர்ற வரைக்கும் காத்திருக்காங்க. பாதுகாப்பான காத்திருப்பு. நல்லாத்தானே இருக்கு?”

“வேண்டாம்.”

அவள் சொன்ன வேகத்தில் தூங்கினவன்கூட விழித்துவிட்டான்.

“காத்திருக்கறது வேற” என்றாள், மெதுவாக. “காத்திருந்தா வாசலையே பாத்துட்டு இருப்பாங்க. இங்க பாருங்க, யாராவது வாசலைப் பாக்கறாங்களா? நான் காத்திருந்திருக்கேன். எனக்குத் தெரியும்.”

ஆய்வாளர் அறையைப் பார்த்தார். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒருத்திதான். அவள் எழுத்தர், நின்றுகொண்டிருந்தாள். ஆய்வாளர் அதைச் சொல்லவில்லை. ஏதோ தட்டினார், திரையைக் காட்டவில்லை. அந்த இன்னொரு பிரதியையும் கேட்கவில்லை. ஆறரைக்குச் சங்கு ஊதியபோதுதான் எழுந்தார்.

முடிவு மூன்று வாரத்தில் வந்தது. கேட்டது மூன்று வருடம். கிடைத்தது ஒரு வருடம். செயல்பாடு என்ற இடத்தில் ‘வழிநடத்தப்படாத நேரம்’ என்று இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை மாணவர்கள் எத்தனை மணி நேரம் வழிநடத்தப்படாமல் இருந்தார்கள் என்று அறிக்கை தர வேண்டும்.

“உரியதைக் கொடுத்திருந்தா மூணு வருஷம்” என்றார் பெரிய டீச்சர்.

“ஆமா டீச்சர்.”

“அடுத்த வருஷம் நான் வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

“சரி டீச்சர்.”

அவர் சொன்னது நியாயம்தான். அவள் செய்தது சரிதான் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை. முப்பத்தெட்டுப் பேருக்கு இரண்டு வருடத்தை அவள் இழந்திருக்கலாம். அல்லது அவர்களுக்கு ஒரு வருடத்தை மீட்டுக் கொடுத்திருக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியவில்லை.

முதல் அறிக்கைக்காகப் பதிவேடு ஒன்றை எடுத்துக்கொண்டு மாலை அறைக்குப் போனாள். எழுதுவதற்கு வேறு இடமில்லாததால் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. ஒற்றைச்சடை எட்டிப் பார்த்தாள்.

“நாங்க சும்மா இருக்கறதை எழுதறீங்களா?”

“ஆமா.”

“அப்ப அது சும்மா இல்லையே.”

“எழுதறது என் வேலை. உனக்கு அதுல ஒரு வேலையும் இல்ல. நீ போய் இரு.”

ஒற்றைச்சடை போகவில்லை. அவளை ஒட்டியே உட்கார்ந்து, அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அடுத்த விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பத்து மாதத்தில். அதற்குள் வேறு யார் தருவார்கள், இந்த முறை ஒன்பதாவது கேள்வியை எப்படிக் கேட்பார்கள், அதற்கு எந்தச் சொல் என்று அவள் மனம் பேருந்து பேருந்தாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

“அக்கா” என்றாள் ஒற்றைச்சடை, கண்ணை எடுக்காமல். “காலை ஆட்டாதீங்க. பெஞ்சு ஆடுது. எண்ணிக்கை விட்டுப்போகுது.”

அவள் காலை நிறுத்தினாள். தானும் அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தாள், நூற்றுப் பன்னிரண்டாவது ‘டிக்’கில் கால் மறுபடி ஆடத் தொடங்கியது.